கணினிக்குத் தெரிந்தது கைக்கும் தெரிய வேண்டும்
ஆம்பூர் – வேலூர் தோல் தொழிலில் தகவல் தொழில்நுட்பமும் தொழிலாளியின் திறனும்



பாலாற்றங்கரையின் இந்த ஊர்களில் கல்விக்கும் தோலுக்கும் நெடுநாள் உறவு உண்டு. மேல்விஷாரத்தில் 1965இல் தொடங்கிய கல்லூரி, தோல் வணிகரும் கொடையாளருமான சி. அப்துல் ஹக்கீம் அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி நூற்றாண்டைக் கடந்துவிட்டது. தோலில் சம்பாதித்த பணம் பள்ளிகளாகவும் கல்லூரிகளாகவும் மாறிய ஊர்கள் இவை. அந்தக் கல்லூரிகளில் படித்தவர்கள் தோல் தொழிலுக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய கடன் ஒன்று இருக்கிறது. அந்த எண்ணத்தில்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

வேலை செய்யும் இடத்துக்குக் கணினி வந்த பிறகு, ஒரு மனிதர் தம் வேலையை முன்பைவிட நன்றாகச் செய்கிறாரா? இதுதான் கேள்வி. கம்பெனியின் லாபம் கூடியதா, ஏற்றுமதி கூடியதா என்பதை இங்கே நான் எடுத்துக்கொள்ளவில்லை. கட்டிங் மேசையில் நிற்பவர், தோல் பதனிடும் டிரம்மைப் பார்ப்பவர், தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பெண், தோலைப் புரட்டிப் பார்த்துத் தரம் பிரிக்கும் செலக்டர் ஆகியோரின் வேலையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியோடு நெடுங்காலமாக மல்லுக்கு நிற்கிறார்கள். ஒரு கருவி பயன்படும் என்றும் பழக எளிது என்றும் தோன்றினால்தான் மக்கள் அதைக் கையிலெடுப்பார்கள் என்று 1989இல் ஃப்ரெட் டேவிஸ் எழுதினார். 1995இல் டேல் குட்ஹ்யூ, ரொனால்ட் தாம்சன் என்ற இருவர், இரண்டு நிறுவனங்களில் 600க்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்து இன்னோர் அடி முன்னே போனார்கள். கையிலெடுத்தால் மட்டும் போதாது, செய்கிற வேலையோடு கருவி பொருந்த வேண்டும். பொருந்தாத கருவியை எவ்வளவு புழங்கினாலும் வேலை மேம்படாது என்பது அவர்கள் கண்டது. இதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் அவர்கள் பார்த்தது பெரும்பாலும் அலுவலக வேலை. பீஸ் ரேட்டில், அதாவது செய்த துண்டுகளின் கணக்கில், கூலி வாங்கும் ஒரு தொழிலாளியை அந்த ஆய்வுக்குள் உட்காரவைத்தால் இன்னும் இரண்டு கேள்விகள் எழும். கருவியால் வரும் ஆதாயம் யாருக்குப் போகிறது? கருவி திரட்டும் தகவல் யார் கண்ணுக்குத் தெரிகிறது?

நம் தொழில் தகவலோடு எப்படிப் பழகியது என்று கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலை, ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் கப்பலேற்றிய காலத்தில், அதற்குச் சாயமேற்றி, மெருகேற்றி, எது எந்தக் காலணிக்கு ஆகும் என்று முடிவுசெய்யும் அறிவு வாங்குபவரிடம் இருந்தது. 1973இல் மத்திய அரசு பச்சைத் தோல், பாதி பதனிட்ட தோல் ஆகியவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும், அந்த அறிவை நாமே தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று. சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கிவரும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அதற்குத் துணை நின்றது. தோல் விற்றவர்கள் ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைத்தார்கள், பிறகு முழு ஷூ செய்தார்கள். 1989இல் ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தடை செய்தது; 1994இல் ஒருசில அசோ சாயங்களைத் தடை செய்தது. அன்று முதல் ஒவ்வொரு சரக்கோடும் ஒரு பரிசோதனை அறிக்கை பயணம் செய்கிறது. 1996 ஆகஸ்ட் 28இல் தோல் ஆலைக் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற நெறியை உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. 2014இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தோல் பதனிடும் ஆலைகள் உட்பட 17 வகைத் தொழில்களில், கழிவை இணையவழியே இடைவிடாது கண்காணிக்கும் கருவிகளைப் பொருத்தச் சொன்னது.

இவை அத்தனையும் தேவையானவை. பாலாற்றின் நிலையைப் பார்த்தவர்கள் போதாது என்றுதான் சொல்வார்கள். ஆனால் இந்த வரலாற்றில் தகவல் எப்போதும் வெளியே இருக்கும் ஒருவருக்காகத்தான் திரட்டப்பட்டிருக்கிறது. வாங்குபவர் கேட்டார், வாரியம் கேட்டது, வங்கி கேட்டது. வேலை செய்கிறவரிடமிருந்து தகவல் எடுக்கப்பட்டதே ஒழிய, அவருக்குத் திருப்பிக் கொடுக்கப்படவில்லை. ஷூ கம்பெனிக்குள் கணினி நுழைந்தபோதும் இந்தப் பழக்கம் கூடவே நுழைந்தது.

கட்டிங் பகுதியைப் பார்ப்போம். ஒரு தோல் ஷூவின் மூலப்பொருட் செலவில் பெரும்பங்கு தோலுக்குத்தான் போகிறது. ஆகவே வெட்டுகிறவர் கையில்தான் லாபமும் நட்டமும் இருக்கின்றன. துணி சீரானது, தோல் அப்படியல்ல. முதுகுப் பக்கம் இறுக்கமாகவும் வயிற்றுப் பக்கம் தொளதொளப்பாகவும் இருக்கும். உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு, சூடுபோட்ட அடையாளம், உரிக்கும்போது பட்ட கத்தித் தடம் எல்லாம் மேலேயே இருக்கும். எந்தத் திசையில் இழுத்தால் நீளும், எந்தத் திசையில் நீளாது என்பது தோலுக்குத் தோல் மாறும். கால் அச்சின் மீது இழுத்து வடிவம் கொடுக்கும் லாஸ்டிங்கில் இழுபடும் முன்பாகத்தை நல்ல இடத்தில் வெட்ட வேண்டும், மறைவாக நிற்கும் துண்டுகளை வயிற்றுப் பக்கத்தில் எடுத்துக்கொள்ளலாம். இடதுகால் துண்டும் வலதுகால் துண்டும் நிறத்திலும் அமைப்பிலும் ஒத்துப்போக அருகருகே வர வேண்டும். இத்தனையையும் ஒரு நல்ல கட்டர் தோலை விரித்த சில நொடிகளில் மனத்தில் வரைந்துவிட்டு, வெட்டும் இரும்பு அச்சான டையை வைத்து இயந்திரத்தை அழுத்துகிறார்.

இப்போது பெரிய கம்பெனிகளில் டை இல்லாமல் வெட்டும் கணினி மேசைகள் வந்திருக்கின்றன. இத்தாலியிலிருந்து வருபவை பல. தோலை விரித்ததும் கேமரா அதன் உருவத்தைப் பிடிக்கிறது, மென்பொருள் துண்டுகளை இடைவெளி குறைய அடுக்குகிறது, மேலிருந்து விழும் ஒளியில் அந்த அடுக்கு தோலின் மீதே தெரிகிறது, கத்தி வெட்டுகிறது. சிறு சிறு ஆர்டர்களும் புதுப்புது மாடல்களும் வரும் காலத்தில், ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு சைசுக்கும் இரும்பு டை அடிக்கும் செலவும் நாட்களும் மிச்சமாவது சிறிய விஷயமல்ல.

வெட்டுகிறவரின் திறனுக்கு இதில் என்ன ஆகிறது? மென்பொருளுக்கு வடிவம் தெரியும். குறை எங்கே இருக்கிறது, எந்த இடம் தொளதொளப்பு என்பதை மனிதர்தான் தோலில் குறித்துக் காட்ட வேண்டும். அந்தக் குறி தவறினால் கணினி மிகத் துல்லியமாகக் கெட்ட இடத்தில் வெட்டிக் கொடுக்கும். ஆக, கையின் வேலை குறைந்தது, கண்ணின் பொறுப்பு கூடியது. முப்பது ஆண்டு வெட்டியவருக்கு அந்தக் கண் இருக்கிறது. மவுஸ் பிடிக்கத் தெரியும் என்பதற்காக ஓர் இளைஞரை மட்டும் மேசையில் நிறுத்திவிட்டு, மூத்தவரைப் பழைய இயந்திரத்துக்கே அனுப்புவது பெரிய பிழை என்று நினைக்கிறேன். இருவரும் ஒரே மேசையில் நிற்க வேண்டும். ஒருவர் குறிக்க, மற்றவர் அடுக்க, இரண்டு மாதத்தில் இருவருமே இரண்டையும் கற்றுக்கொள்வார்கள்.

கூலி இல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. அதற்கு நம் ஊரைப் போலவே கைத்தொழிலால் உலகறிந்த இன்னோர் ஊருக்கு உங்களை அழைத்துப் போகிறேன். பாகிஸ்தானின் பஞ்சாபில் இருக்கும் சியால்கோட், உலகம் உதைக்கும் கால்பந்துகளைத் தைக்கும் ஊர். டேவிட் அட்கின், எரிக் வெர்ஹூகன் முதலிய பொருளியலாளர்கள், லாகூரைச் சேர்ந்த சகாக்களோடு சேர்ந்து அங்கே ஒரு பரிசோதனை செய்தார்கள். பந்துக்கான ஐங்கோணத் துண்டுகளை ரெக்ஸினில் வெட்டும்போது கழிவு குறையும்படி ஒரு புதிய டையை வடிவமைத்து, பல கம்பெனிகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். சந்தேகத்துக்கு இடமில்லாத லாபம். ஆனாலும் ஓராண்டுக்கு மேல் ஆகியும் மிகச் சிலரே அதைப் பயன்படுத்தினார்கள்.

ஏன்? வெட்டுகிறவருக்குத் துண்டுக் கணக்கில் கூலி. புது டையில் கை பழகும்வரை வேகம் குறையும், கூலி குறையும். மிச்சமாகும் ரெக்ஸினோ முதலாளியுடையது. டை சரியில்லை என்று தொழிலாளி சொன்னார், முதலாளி நம்பினார். பிறகு ஆய்வாளர்கள் ஒரு பகுதிக் கம்பெனிகளில், முதலாளியின் முன்னால் புது டையைத் திறமையாகக் கையாண்டு காட்டும் தொழிலாளிக்கு ஏறத்தாழ ஒரு மாதக் கூலியைப் பரிசாகத் தந்தார்கள். புது டையை ஏற்ற கம்பெனிகளின் எண்ணிக்கை தெளிவாகக் கூடியது. 2017இல் வெளிவந்த இந்த ஆய்வை, ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் இயந்திரம் வாங்கக் கோடிகளில் கடனெடுக்கும் ஒவ்வொருவரும் வங்கிக்குப் போகும் முன்பு படிக்க வேண்டும். எவ்வளவோ விலை கொடுத்து வாங்கிய மேசையின் பயன், ஒரு மாதக் கூலியைச் சேர்த்துக் கொடுக்காததால் கெட்டுப்போக முடியும். தொழிலாளி பிடிவாதக்காரர், புதுமைக்கு எதிரி என்று சொல்வது மிக எளிது. சியால்கோட்டின் கட்டர் தம் வீட்டு அரிசிக்கான கணக்கைச் சரியாகப் போட்டார், அவ்வளவுதான்.

இனி டேனரிக்குப் போவோம். சுண்ணாம்பு நீக்கி, நொதியால் மென்மையாக்கும் பேட்டிங் முடிந்த தோலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால், விரல் தடம் சற்று நேரம் அப்படியே நிற்க வேண்டும். நின்றால் தோல் பக்குவம். தோலைப் பதனிடும் குரோம் ஏறிவிட்டதா என்று பார்க்க ஒரு துண்டைக் கொதிநீரில் போடுவார்கள். சுருங்கினால் இன்னும் ஆகவில்லை. விரலாலும் கண்ணாலும் மூக்காலும் நடந்த வேலை இது. இப்போது புது டிரம்களில் தண்ணீரும் சூடும் ரசாயனமும் நேரப்படி தாமாக இறங்குகின்றன. அமிலத்தன்மை திரையில் எண்ணாக ஓடுகிறது.

ஷோஷனா ஜுபோஃப் 1988இல் எழுதிய புத்தகத்தில், அமெரிக்கக் காகிதக்கூழ் ஆலைத் தொழிலாளர்களுக்கு இதே நிலை வந்ததை விவரிக்கிறார். கூழைக் கையால் தொட்டும் முகர்ந்தும் பக்குவம் சொன்னவர்கள், கண்ணாடி அறைக்குள் திரையைப் பார்த்து உட்காரவைக்கப்பட்டார்கள். அவர் காட்டும் வேறுபாடு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஒரே கணினி மனிதரின் வேலையைப் பறித்துத் தானே செய்யலாம். அல்லது அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை மனிதருக்கு இதுவரை தெரியாத அளவுக்கு விளக்கிக் காட்டலாம். எது நடக்கும் என்பதை நிர்வாகம்தான் தீர்மானிக்கிறது.

டிரம் பார்ப்பவர் திரையிலிருப்பதைப் படிக்கலாம், மாற்றக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது என்றால் அவர் வெறும் காவல்காரர். வெயில் காலத்துத் தோலும் மழைக்காலத்துத் தோலும் ஒன்றல்ல. நன்றாக உப்பிட்டு வந்ததும் அரைகுறையாக உப்பிட்டு வந்ததும் ஒன்றல்ல. செய்முறை ஒன்றே ஆனாலும் டிரம்முக்குள் போகும் தோல் வேறு. அது அவர் விரலுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. ஒவ்வொரு தொகுதி முடிந்ததும் அவர் உணர்ந்ததைத் தமிழிலோ உருதுவிலோ தம் குரலில் பதிவுசெய்ய ஒரு வழி வைத்தால் போதும். ஆறு மாதத்தில் அந்த டேனரியிடம் எந்த நாட்டு நிபுணரிடமும் கிடைக்காத ஓர் அறிவுத் தொகுப்பு இருக்கும். மொழியைச் சேர்த்துச் சொல்லக் காரணம் உண்டு. ஆங்கிலத்திலோ இத்தாலியிலோ எச்சரிக்கை காட்டும் திரை, தமிழும் தக்கினி உருதுவும் வங்காளமும் பேசுகிறவர்கள் வேலை செய்யும் கொட்டகையில் யாருக்கு என்ன சொல்லும்?

நல்லபடி நடந்ததையும் சொல்ல வேண்டும். சாய ஆய்வகத்தில் நிறம் ஒப்பிடும் வேலை அதற்குச் சான்று. முன்பு மாதிரித் தோலையும் புதுத் தோலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மூத்தவர் சொல்வதே தீர்ப்பு. இங்கே பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்த இரு தோல்கள் ஐரோப்பியக் கடையின் விளக்கொளியில் வெவ்வேறு நிறமாகத் தெரிந்து, சரக்கு திரும்பி வரவும் கூடும். நிறமானிக் கருவி வந்த பிறகு நிற வேறுபாடு ஓர் எண்ணாகிறது. தோலில் ஓரிடம் போல் ஓரிடம் இராது என்பதால் பல இடங்களில் அளந்து சராசரி பார்க்கிறார்கள். வேதியியல் படித்து இப்போதுதான் வேலைக்கு வந்த ஒரு பெண், எந்தச் சாயம் எவ்வளவு கூடியது என்பதைத் தானே பார்த்துத் தானே திருத்துகிறாள். அளந்த எண் அடுத்த நிமிடமே அளந்தவரின் கைக்கு வந்துவிடுகிறது, திருத்தும் அதிகாரமும் கூடவே வருகிறது. இங்கே தகவல் தொழில்நுட்பம் ஒரு தனி மனிதரின் திறனை உயர்த்துகிறது என்று தயங்காமல் சொல்வேன்.

இதையே தையல் பகுதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆம்பூரின் ஷூ கம்பெனிகளில் அப்பர் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கட்டுக்கட்டாக வரும் துண்டுகளில் பார்கோடு இருக்கிறது, ஸ்கேன் செய்கிறார்கள், மணிக்கு எத்தனை ஜோடி என்பது சூப்பர்வைசரின் திரைக்குப் போகிறது. எண்ணிக்கை குறைந்தால் ஒரு பெயர் சிவப்பில் தெரியும். ஏன் குறைந்தது என்று அந்தத் திரை சொல்லாது. ஓரம் சீவும் ஸ்கைவிங்கில் கனம் சரியாகக் குறையாவிட்டால், தைப்பவரின் ஊசி திணறும், நூல் அறும். தவறு அங்கே நடந்தது, எண் இங்கே விழுந்தது. லைனில் தனி ஆளின் திறன் என்று ஒன்றைத் தனியாகப் பிரித்தெடுப்பதே பெரும்பாலும் பொய்க் கணக்கு. முன்னால் இருப்பவரின் வேலைதான் பின்னால் இருப்பவரின் வேகம். அதே பார்கோடைக் கொண்டு, இந்தக் கட்டு எந்த ஸ்கைவிங் இயந்திரத்திலிருந்து வந்தது, எத்தனை முறை நூல் அறுந்தது என்று பார்த்தால் காரணம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கருவி இருக்கிறது. அதைக் காரணம் தேடவும் பயன்படுத்தலாம், ஆளைத் தேடவும் பயன்படுத்தலாம். இப்போது இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. இது எனக்குக் கோபம் வரவழைக்கிறது. மணிக்கணக்கு பார்க்கும் திரைக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பெண்ணின் உடம்பு எந்த அறிக்கையிலும் வராது.

கம்பெனிக்கு வெளியே, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அப்பரைக் கையால் தைத்துக் கொடுக்கும் பெண்களும் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பார்கோடும் இல்லை, பெயரும் இல்லை. இடையிலிருப்பவரின் நோட்டில் ஓர் எண் மட்டும். அவர்கள் கையிலிருக்கும் சாதாரண செல்போனிலேயே வாங்கிய ஜோடி, கொடுத்த ஜோடி, வர வேண்டிய கூலி மூன்றையும் பதிவுசெய்ய முடியும். கணினித் துறை மாணவர்கள் கடைசி ஆண்டுத் திட்டத்துக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் அல்லவா, இதை எடுத்துக்கொள்ளுங்கள். வருங்கால வைப்பு நிதிக்கு 2014 முதல் ஒரே நிரந்தர எண் வந்த பிறகு, கம்பெனி பணம் கட்டியதா இல்லையா என்பதைத் தொழிலாளியே போனில் பார்த்துக் கேட்க முடிகிறது. தகவல் தொழிலாளியின் பக்கம் வந்தால் என்ன மாறும் என்பதற்கு அது போதுமான சான்று.

உயிர் காக்கும் தகவலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டை வளாகத்தில் கழிவுச் சகதித் தொட்டியின் சுவர் இடிந்து 10 பேர் இறந்தார்கள். உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள். ஆபத்து சுவரில் மட்டும் இல்லை. சல்ஃபைடு கலந்த சுண்ணாம்புக் கழிவு அமிலத்தைச் சந்தித்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும்; அதிகமானால் மூக்குக்கு மணமே தெரியாமல் ஆளைச் சாய்த்துவிடும். சட்டைப்பையில் அடங்கும் எச்சரிக்கைக் கருவி அதைக் கண்டு அலறும். வாரியத்துக்கு இடைவிடாது தகவல் அனுப்பும் வளாகத்தில், தொட்டியருகே நிற்பவரின் சட்டையில் அந்தச் சிறு கருவி இல்லை என்றால், தகவல் தொழில்நுட்பம் இங்கே வந்துவிட்டது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கடைசியாக, வரப்போவதைப் பற்றி. தோலைக் கேமராவில் பார்த்துக் குறைகளைக் கண்டுபிடித்துத் தரம் பிரிக்கும் செயற்கை நுண்ணறிவு உலகின் சில டேனரிகளில் நுழைந்துவிட்டது. இங்கும் வரும். அது தானாகக் கற்காது. ஆயிரக்கணக்கான தோல்களை ஒரு செலக்டர் பார்த்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம், இது உண்ணித் தழும்பு, இது ஆறிய கீறல் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். எரிக் பிரின்யால்ஃப்சனும் சக ஆய்வாளர்களும் 2023இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, வாடிக்கையாளர் சேவையில் வேலை செய்யும் 5,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தது. செயற்கை நுண்ணறிவின் துணையால் ஒருவர் மணிக்கு முடிக்கும் வேலை சராசரியாக 14 சதவீதம் கூடியது; புதியவர்களுக்கு 30 சதவீதத்துக்கும் மேல். மிகத் திறமையானவர்களுக்கு ஆதாயம் மிகக் குறைவு. திறமைசாலிகள் பேசிய முறையைத்தான் கணினி கற்றுக்கொண்டு புதியவர்களுக்குச் சொன்னது. தங்கள் அறிவைக் கொடுத்தவர்களுக்கு அதற்கென்று எதுவும் கிடைக்கவில்லை.

நம் செலக்டர்களுக்கும் இதுதான் காத்திருக்கிறது. தந்தையிடமோ மாமாவிடமோ நின்று பத்துப் பதினைந்து வருடம் பழகிய கண். அதைக் கேமராவுக்குக் கொடுத்த மறுநாள், புதிதாக வந்த பையனும் அவரும் ஒரே கூலிக்கு நிற்கலாம். புதிய பையன் விரைவில் கற்பது நல்லது. அதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கற்றுக்கொடுத்தவருக்கு அதற்கான பங்கு வேண்டும். ஒரு முறை கொடுக்கும் பரிசாக மட்டும் அல்லாமல், அந்தக் கருவி ஓடும்வரை வரும் ஒரு தொகையாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. கருவியின் தீர்ப்பை மறுத்துத் தோலைத் தரம் மாற்றும் உரிமையும் அவரிடமே இருக்க வேண்டும். அவர் மறுத்த ஒவ்வொரு தோலும் பதிவாக வேண்டும், ஏனென்றால் கருவி எங்கே தவறுகிறது என்பதை அந்தப் பதிவுதான் காட்டும்.

இந்த ஒப்பந்தம் கேமரா வந்து இறங்கும் முன்பே எழுதப்பட வேண்டும். வந்த பிறகு செலக்டரிடம் பேரம் பேச ஒன்றும் மிஞ்சாது. ஏற்றுமதியாளர் சங்கத்தினரும் தொழிற்சங்கத்தினரும் அடையாறு ஆராய்ச்சி நிறுவனத்தாரும் இந்த மாவட்டங்களின் கல்லூரிகளும் சேர்ந்து ஒரு மாதிரி ஒப்பந்தத்தை எழுத முடியும். கட்டிங் பகுதியில் சியால்கோட்டில் செய்ததைப் போன்ற ஒரு பரிசோதனையை இரண்டு மூன்று கம்பெனிகளில் நடத்திப் பார்ப்பதும் அதனோடு சேரலாம். மேசைக்குப் பழகும் மாதங்களில் கட்டருக்குப் பழைய சராசரிக் கூலியை உறுதி செய்வது, மிச்சமான தோலின் சதுர அடியில் ஒரு பங்கை அவர் பெயரில் எழுதுவது என்று இரண்டே விதிகள் போதும். முதலாளிகளில் ஓரிருவர் முன்வந்தால், கணக்கெடுக்கும் பொறுப்பை நாம் கூடியிருக்கும் இந்தக் கல்லூரியின் பொருளியல், கணினித் துறைகள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வந்திருக்கும் கம்பெனி உரிமையாளர்கள், இன்று கலைந்து போகும் முன் துறைத் தலைவர்களிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.